ஐயாயிரம் பனைக்கு ஒரு கையெழுத்து

அத்தியாயம் 9

காலை ஆறு மணிக்கு அந்தக் காகிதம் ருக்குமணியின் வீட்டுக்கு வந்தது. சட்டைப் பையில் நாலாக மடித்துக் கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தப் புருஷன் செல்லப்பன்தான்.

இந்தக் குடும்பத்தின் வம்பு தெரிந்தவர்கள் இனி வரும் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பாகூருக்குப் பக்கத்தில் கன்னிமேட்டில் உள்ள சிவப்பிரகாசம் கலை அறிவியல் கல்லூரி, போன ஆவணியில் 'ஐயாயிரம் பனை, ஆயிரம் ஆண்டு' என்று ஒரு விழா எடுத்தது. தாளாளர் சிவப்பிரகாசம் ஒரே ஒரு பனங்கொட்டையைக் கையில் எடுத்தார். அதைக் குழியில் இறக்கப் பதினான்கு பேர் கை கொடுத்தார்கள். படம் எடுத்து முடியவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் பிரியாணிப் பந்தலுக்கு ஓட, மிச்சக் கொட்டைகள் சாக்கு மூட்டைகளில் ஏரிக்கரையிலேயே நனைந்துகொண்டு கிடந்தன.

தாவரவியல் துறைத் தலைவரும் சுற்றுச்சூழல் மன்ற ஒருங்கிணைப்பாளருமான முனைவர் புகழ்வேந்தன் (விசிட்டிங் கார்டில் இன்னும் நான்கு பட்டங்கள் இருக்கின்றன) கல்லூரித் தோட்டக்காரன் செல்லப்பனைக் கூப்பிட்டு, "யாரையாவது வச்சு நட்டுடுப்பா, நீயே பாத்துக்க" என்றார். செல்லப்பன் பெண்டாட்டியிடம் சொன்னான். ருக்குமணி நட்டாள்.

அவளுக்குப் பனங்கொட்டை நடுவதென்றால் தெரிந்தது ஒரே ஒரு வழி. கரைக்குப் பின்னால் இருந்த மணல் திட்டைக் கொத்தி மேடாக்கினாள். கொட்டைகளை ஒட்டி ஒட்டி அடுக்கி மண் மூடினாள். தண்ணீர் தெளித்து, பன்றி கிளறாமல் காவல் இருந்து, தை பிறப்பதற்கு முன்னால் தோண்டிக் கிழங்கு எடுத்தாள். மரத்துக்காகப் பனை நடுகிற ஆளை அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை. மரம் தானாக வரும். கிழங்குதான் நட்டால் வரும்.

ஆக, ஐயாயிரம் பனையும் பொங்கலுக்கு வெந்து, பாகூர் சந்தையிலும் வில்லியனூர்க் கடைத்தெருவிலும் கட்டுக் கட்டாக விற்றுப்போயின. அதில் இரண்டு கட்டு புகழ்வேந்தன் வீட்டுக்கே போனது. அதே வாரத்தில் கல்லூரியின் அறிக்கையில், 'நட்ட ஐயாயிரம் பனைகளில் தொண்ணூற்றிரண்டு சதவீதம் செழிப்பாக உள்ளன' என்று வழவழத் தாளில் அச்சாகிக்கொண்டிருந்தது.

அறிக்கையைப் படித்த தர மதிப்பீட்டுக் குழு, அந்தப் பனங்காட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டது. புகழ்வேந்தன் போன வாரம் முதன்முறையாக அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். வெறும் மணலும், அதன் நடுவே கட்டியிருந்த ருக்குமணியின் ஆடும் அவரைப் பார்த்தன.

குழு வருவது இன்றைக்கு. உலக ஈரநில நாள் என்று ஏரிக்கரையில் பந்தல் போட்டாகிவிட்டது. இனி, புகழ்வேந்தன் கொடுத்தனுப்பிய காகிதத்துக்கு வருவோம்.

"படிடி" என்றாள் ருக்குமணி.

மகள் தேவி அதே கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. இன்றைய விழாவுக்குத் தொகுப்பாளினியும் அவள்தான். பச்சைப் பட்டுப் புடவையில் பாதி சுற்றி, பாதியை இடுப்பில் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"'கன்னிமேடு செல்லப்பன் மனைவி ருக்குமணி ஆகிய நான், அறியாமையினாலும் பேராசையினாலும், கல்லூரி நிர்வாகம் நட்டு வளர்த்த பனங்கன்றுகள் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதை இரவு நேரத்தில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தேன் என்பதை ஒப்புக்கொண்டு, இனி இயற்கைக்கு எதிராகச் செயல்பட மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.' அவ்ளோதாம்மா. கீழ உன் பேரு இருக்குது. பக்கத்துல கோடு போட்டிருக்குது."

"இன்னாது, இயற்கைக்கு எதிரியா நானு? நாலு மாசம் பன்னிய முடுக்கிக்கினு கெடந்தது இயற்கையா, நானா?"

"எம்மா, அது சும்மா எழுதறது."

"அதுல ஏன் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுன்னு போட்டுக்கிறாரு? குடுத்தது அஞ்சாயிரம். மீதி அம்பது எங்க போச்சி?"

தேவி அப்பனைப் பார்த்தாள். செல்லப்பன் கூரையைப் பார்த்தான். கூரையில் விசேஷமாக எதுவும் இல்லை.

"இந்தா ருக்கு" என்றான் அவன், சுற்றி வளைத்து. "பதினோரு வருஷமா தெனக்கூலிதான். இன்னிக்கு நீ இத்தப் போட்டா நாளிக்கு என்னய பர்மனெண்டு பண்றேன்னு சார் சொன்னாரு. போடலன்னா நாளிக்கு வரவே வாணான்னும் சொன்னாரு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டாருடி."

"நீ இன்னா சொன்ன?"

"சரிங்க சார்னேன்."

"எதுக்கு?"

"ரெண்டுக்கும்தான்."

"ஒரு கையெழுத்துதானேம்மா" என்றாள் தேவி. குரல் கெஞ்சியது. "குழு வந்து பாத்துட்டுப் போயிடும். அப்பறம் இத்த யாரு பாக்கப்போறா?"

ருக்குமணி காகிதத்தை வாங்கி அந்தக் கோட்டையே பார்த்தாள். பேனாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது கோடு.

அவளுடைய அண்ணன் அன்புராஜுக்குப் பத்தொன்பது வயதில் இதே மாதிரி ஒரு கோடு வந்தது. ஒரு பண்ணைக்காரரின் மோட்டார் ஸ்டார்ட்டர் காணாமல் போனது. அந்த ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் இந்தத் தெருவில்தான் தேடுவார்கள். 'ஒரு கையெழுத்துதானேடா, போட்டுட்டுப் போ' என்றார்கள் ஊர்க்கூட்டத்தில். போட்டான். ஒரு வாரம் கழித்து ஸ்டார்ட்டர் பண்ணைக்காரரின் கொட்டகையிலேயே, வைக்கோலுக்கு அடியில் இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் திரும்பிப் போயிற்று. காகிதம் மட்டும் அன்புராஜுக்குத் திரும்பி வரவில்லை. அவன் திருப்பூருக்குப் போனவன்தான்.

"யாரு பாக்கப்போறாங்களா?" என்றாள் ருக்குமணி. "காயிதம் பாத்துக்கினேதான்டி இருக்கும்."

அதை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு கரைக்குக் கிளம்பினாள். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. செல்லப்பனுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது, பாவம்.

*

ஏரிக்கரை அடையாளமே தெரியவில்லை. 'நம் ஏரியைக் கண் குளிரக் காண்போம்' என்று எழுதிய நாற்பதடி பேனர், ஏரியை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது. நூறு நாள் வேலைப் பெண்கள் எண்பது பேரை வரவழைத்து, ஆளுக்கொரு பச்சைத் தொப்பியும் 'ஈரநிலக் காவலர்' என்று எழுதிய துண்டும் கொடுத்திருந்தார்கள். விழா முடிந்ததும் இரண்டையும் திருப்பித் தர வேண்டும் என்று மூன்று தடவை மைக்கில் சொல்லியாகிவிட்டது.

ருக்குமணிக்கும் ஒரு தொப்பி கிடைத்தது. அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கரையோரம் நடந்தாள். அந்த ஐம்பது எங்கே என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தெரிந்தது. மணல் திட்டில் செல்லப்பன் குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு மினி வேன். அதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன, விசிறி மாதிரி இலை விரித்த செடிகள்.

"இது கல்யாண மண்டப வாசல்ல வெக்கிறது இல்லய்யா?"

"மெதுவா பேசு. பனை மாதிரியே இருக்குது பாரு."

"மாதிரின்னா இருக்குதுதான். கூடவே கறுப்புப் பையும் கீதே? பையக் கிழிக்காம எவனாவது செடி நடுவானா?"

செல்லப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "வில்லியனூர் நர்சரில வாடகைக்கு எடுத்தது. திங்கக்கெழம திருப்பிக் குடுக்கணும். பை கிழிஞ்சா வாங்கமாட்டானாம்."

அவள் அவனையே பார்த்தாள். கை வைத்த கொம்பெல்லாம் துளிர்க்கிற தோட்டக்காரன். செடியைப் பையோடு புதைக்கிற வேலையை அவன் அவமானத்தோடு செய்துகொண்டிருந்தான். ஆனால் வரிசை பிசகாமல், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒழுங்காகவும் செய்துகொண்டிருந்தான்.

"என்னம்மா, ஆச்சா?" என்று பின்னால் குரல்.

முனைவர் புகழ்வேந்தன். பச்சைச் சட்டை, பச்சைப் பேட்ஜ், பச்சை மை பேனா. மைக் பக்கத்தில் இருந்தால் அவர் எல்லோரையும் 'நீங்க' என்பார். இப்போது மைக் அறுபதடி தூரத்தில் இருந்தது.

"நீ இன்னும் கையெழுத்து போடலயாமே? குழு பத்தரைக்கு வந்துடும்."

"ராத்திரின்னு போட்டிருக்கீங்க சார். நான் பட்டப்பகல்ல தோண்டினேன். ஊரே பாத்துது."

"சரி, ராத்திரிய அடிச்சிடலாம். பகல்னு போட்டுக்க."

"திருட்டுத்தனமான்னு இருக்குது."

"அது சும்மா ஒரு வார்த்தைம்மா. ஃபார்மாலிட்டி."

"சும்மா வார்த்தன்னா நீங்களே வெச்சிக்குங்க சார். எனக்கு எதுக்கு?"

புகழ்வேந்தன் பொறுமையாகச் சிரித்தார். மாணவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்; அதற்கு அடுத்து இன்டர்னல் மார்க் குறையும். "நல்லா யோசி. இந்தக் கல்லூரி ஏ பிளஸ் வாங்கினா ஊருக்கே பெருமை. நீ ஒருத்தி ஊருக்காக ஒரு சின்ன தியாகம் பண்ணக்கூடாதா?"

"பொங்கலுக்கு ஒங்க வூட்டம்மா ரெண்டு கட்டு வாங்கினாங்க சார். நல்ல இனிப்புன்னு சொன்னாங்க. திருட்டு மால்னு தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கமாட்டாங்க இல்ல?"

அவர் சிரிப்பு நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"உன் புருஷன் வேலை உன் கையில. உன் பொண்ணுக்கு நான் ஹெச்.ஓ.டி. ஞாபகம் இருக்கட்டும்." அவர் திரும்பி நடந்தார். மைக்கை நெருங்க நெருங்க முகத்தில் மரியாதை ஏறிக்கொண்டே போயிற்று.

*

குழுவில் மூன்று பேர். தலைமை ஓர் அம்மாள். வடக்கே எங்கிருந்தோ வந்தவர், வெட்டி விட்ட நரைமுடி, கைத்தறிப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. தமிழ் ஓர் எழுத்து தெரியாது. மாலை போட வந்தவர்களைத் தாண்டி, முதல் வேலையாகப் பேனரைச் சுற்றிக்கொண்டு போய் ஏரியைப் பார்த்தார். விருந்தாளி யாரும் அந்தப் பக்கம் வருவார்கள் என்று எதிர்பார்க்காததால், அங்கே நான்கு ஆசிரியர்கள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் பேச்சு நடந்தது. தாளாளர் சிவப்பிரகாசத்தை முதல்வர் 'பசுமையின் தந்தை' என்றார், துணை முதல்வர் 'பூமியின் தாய்' என்றார். தாளாளர் இரண்டையும் மறுக்கவில்லை. புகழ்வேந்தன் ஈரநிலம் என்றால் என்ன என்று ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முப்பது நிமிஷம் விளக்கினார். எண்பது காவலர்களும் வெயிலில் தொப்பியால் விசிறிக்கொண்டார்கள். தேவி நடுநடுவே வந்து, "அடுத்து நம் பேரன்புக்குரிய" என்று இங்கிலீஷிலும் தமிழிலும் அழகாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு தடவைகூட அம்மா நிற்கிற பக்கம் பார்க்கவில்லை.

பிறகு எல்லோரும் பனங்காடு பார்க்கக் கிளம்பினார்கள்.

ஐம்பது செடிகளும் பத்துப் பத்தாக ஐந்து வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. தலைமை அம்மாள் ஒன்றின் முன்னால் குனிந்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இலையைப் பார்த்தார். தண்டைப் பார்த்தார். புகழ்வேந்தனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இலையைப் பிடித்து லேசாக அசைத்தார். செடி அவர் பக்கமாகச் சாய்ந்தது.

எங்கிருந்தோ பாய்ந்து வந்தான் செல்லப்பன். பதினோரு வருஷப் பழக்கம். செடி சாய்ந்தால் அவனுடைய கை தானாக நீளும், வாயும் தானாகத் திறக்கும்.

"பாத்தும்மா, பாத்து! எலை ஒடஞ்சா திங்கக்கெழம திருப்பி வாங்கமாட்டான்!"

தமிழ் தெரிந்த இருநூறு பேரும் ஒரே சமயத்தில் மௌனமானார்கள்.

தலைமை அம்மாள் தேவியைப் பார்த்து ஏதோ கேட்டார். என்ன சொல்கிறான் என்று கேட்டிருப்பார். தேவி வாயைத் திறப்பதற்குள் புகழ்வேந்தன் முந்திக்கொண்டு இங்கிலீஷில் உருக்கமாக ஏதோ சொன்னார். அதில் 'சில்ட்ரன்' என்று ஒரு வார்த்தை வந்தது. இந்தச் செடிகள் எங்கள் பிள்ளைகள் என்று தோட்டக்காரன் சொல்கிறானாம். பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன் இருமி இருமிச் சிரிப்பை அடக்கினான்.

மீதிப் பனை எங்கே என்று அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும். புகழ்வேந்தன் மைக்கைக் கேட்டு வாங்கினார். இரண்டு மொழியிலும் பேசினார்.

"துரதிருஷ்டவசமாக, இதே ஊரைச் சேர்ந்த செல்லப்பன் மனைவி ருக்குமணி என்பவர் இந்த வனத்தைத் திருட்டுத்தனமாக அழித்துவிட்டார். தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுத்துமூலமாக மன்னிப்பும் கேட்டிருக்கிறார். கல்லூரி பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டது!"

சிலர் கை தட்டினார்கள். தட்டிய பிறகுதான் எதற்கு என்று யோசித்தார்கள்.

தன் பெயர் நாலு ஸ்பீக்கரிலும் ஏரியைத் தாண்டிப் போனதை ருக்குமணி கேட்டாள். அக்கரையில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அன்புராஜின் பெயர் ஊர்க்கூட்டத்தோடு நின்றது. தன் பெயர் ஒலிபெருக்கியில் போகிறது. முன்னேற்றம்தான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே நடந்தாள். வழியில் நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஒருத்தி மட்டும் முதுகில் தட்டி, "போ ருக்கு" என்றாள்.

"நாந்தான் ருக்குமணி" என்றாள் தலைமை அம்மாளின் முன்னால் போய் நின்று. ரவிக்கையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். "கையெழுத்து இல்ல, பாத்துக்குங்க."

கோடு காலியாக இருந்ததைப் பார்க்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை.

புகழ்வேந்தன் அவசரமாக இங்கிலீஷில் நுழைந்தார். ருக்குமணிக்குப் பிடிபட்டது 'சாரி' ஒன்றுதான். தான் சாரி கேட்க வந்திருப்பதாகச் சொல்கிறார் என்று புரிந்தது.

"தேவி, இங்க வா" என்றாள். "நான் சொல்றத அந்தம்மாவுக்கு இங்கிலீஷுல சொல்லு."

தேவி ஓர் அடி வந்து நின்றுவிட்டாள். புகழ்வேந்தன் அவளருகே போய், உதடு அசையாமல், "மன்னிப்புக் கேக்கறாங்கன்னு மட்டும் சொல்லு. உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றார்.

ருக்குமணி பேசினாள். "கொட்டய அவங்கதான் குடுத்தாங்க. நீயே பாத்துக்கன்னாங்க. எப்பிடி நடணும், எதுக்கு நடணும்னு ஒருத்தரும் சொல்லல. நாங்க கெழங்குக்குத்தான் நடுவோம். அப்பிடித்தான் நட்டேன். எல்லாரும் பாக்கத்தான் தோண்டினேன்."

தேவி நான்கு வார்த்தை சொன்னாள்.

"அவ்ளோதானா?" என்றாள் ருக்குமணி. "நான் சொன்னது இம்மாம் நீளமா இருந்துதே! பாதிய நீ முழுங்காதடி."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. தேவியின் முகம் சிவந்தது. அவள் புகழ்வேந்தனைப் பார்த்தாள். பிறகு, காலையிலிருந்து முதன்முறையாக, அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையில் பிரிந்து கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். காலையில் தான் வாய் விட்டுப் படித்த காகிதம்.

மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. ருக்குமணிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, முகங்களைத்தான் படித்தாள். தலைமை அம்மாளின் புருவம் ஏறியது. இன்னொருவர் நோட்டைத் திறந்தார். முதல்வர் கைக்குட்டையை எடுத்தார். புகழ்வேந்தனின் முகத்திலிருந்து பச்சையைத் தவிர எல்லா நிறமும் போயிற்று. சரி, மகள் முழுசாகத்தான் சொல்கிறாள்.

தலைமை அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். தேவி தமிழில் சொன்னாள்: "எத்தன மொளச்சுதுன்னு கேக்கறாங்கம்மா."

ருக்குமணிக்குச் சட்டென்று முதுகு நிமிர்ந்தது. இத்தனை நாளில் வேலையைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

"கட்டுக்கு இருவத்தஞ்சு. நூத்தி எம்பத்துநாலு கட்டு கட்டினேன். மீதி நானூறு சொத்த. காலேஜுலேர்ந்துதான் போன மாசம் எங்க வூட்டுக்காரருக்குப் போன் பண்ணி எத்தன மொளச்சிதுன்னு கேட்டாங்க. அப்பயும் இதயேதான் சொன்னோம். எங்கன்னு அவங்க கேக்கல, நாங்களும் சொல்லல."

தேவி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவளுடைய உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. "எம்மா, அந்தத் தொண்ணூத்திரண்டு சதவீதம் உன்னோடதும்மா!" என்றவள், அதையே இங்கிலீஷில் திருப்பினாள்.

அறுபது பக்க அறிக்கையில் உண்மையான எண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுத்தவளைத்தான் மைக்கில் திருடி என்றிருந்தார்கள்.

தாளாளர் சிவப்பிரகாசம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பெருந்தன்மையாக முடித்துவைக்கும் முகம். "பரவாயில்லம்மா. நான் என் கையால நட்ட அந்த முதல் பனையாவது..."

"அதயும் தோண்டிப் பாத்தேன் ஐயா" என்றாள் ருக்குமணி பணிவோடு. "அது அந்த நானூறுல ஒண்ணு."

இதைத் தேவி மொழிபெயர்க்கவில்லை. பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த மாணவன் மொழிபெயர்த்தான்.

அதற்கப்புறம் தேவி, யாரும் கேட்காமலே, சாய்ந்து நின்ற செடியைக் காட்டி இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். தலைமை அம்மாள் திரும்பிச் செல்லப்பனைப் பார்த்தார். செடியை மெல்ல மேலே தூக்கினார். பை கறுப்பாக, கிழியாமல், பத்திரமாக வந்தது.

*

குழு மத்தியானச் சாப்பாட்டைக் கல்லூரியில் சாப்பிடவில்லை. நோட்டில் என்ன எழுதிக்கொண்டு போனார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எண்பது தொப்பிகளில் எழுபத்தொன்பது திரும்பி வந்தன. தேவியின் அடையாள அட்டையைப் புகழ்வேந்தன் கழற்றி வாங்கிக்கொண்டார். நாளைக் காலை பத்து மணிக்குப் பெற்றோருடன் வர வேண்டும். செல்லப்பன் மட்டும் வர வேண்டாம். நாளைக்கும் வேண்டாம், என்றைக்கும் வேண்டாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"பதினோரு வருஷம்" என்றான் செல்லப்பன், பத்தாவது தடவையாக. "நீ வாய மூடிக்கினு இருந்திருக்கலாம். இவ என்னான்னா, நான் சொன்னதயும் போட்டுக் குடுத்துட்டா. பெத்த அப்பன் வேலைக்கு உல வெச்ச பொண்ண நீ பாத்திருக்கியா?"

"நீ சொன்னத மாத்தி சொன்னாருப்பா அவரு" என்றாள் தேவி. கண்ணில் நீர் இருந்தாலும் குரலில் இல்லை. "செடிங்க உன் புள்ளைங்கன்னாரு. வாடகைச் செடியப் போயி! உன்ன எல்லாரும் கேணயன்னு நெனச்சு சிரிச்சாங்க. எனக்குத் தாங்கல."

செல்லப்பன், "பையோட நடறது எனக்கும் புடிக்கலதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். சோற்றுத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் தெருமுனையில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி கறுப்பு. தெருவே எட்டிப் பார்த்தது. டிரைவர் மட்டும் இறங்கி நடந்து வந்தான்.

"ஐயா வந்திருக்காரு. உங்கள வரச் சொல்றாரு."

"எங்க?" என்றாள் ருக்குமணி.

"கார்லதான் இருக்காரு. இங்க ரோடு சின்னது, காரு உள்ள வராது."

"போன வாரம் கரும்பு லோடு டிராக்டரே வந்துட்டுப் போச்சி."

டிரைவர் தலையைச் சொறிந்தான். செல்லப்பன் தட்டை வைத்துவிட்டு எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான். ருக்குமணி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"காலையில என் பேர ஊரு பூரா சொல்லி அனுப்பினீங்களே, அப்ப நான் வந்தேன். நானா நடந்து வந்தேன். இப்ப அவரு முறை. வூடு இங்கதான் கீது. எறங்கி வரச் சொல்லு."

டிரைவர் போனான். காரின் ஜன்னலில் குனிந்து பேசினான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

கார்க் கதவு திறந்தது.

இருபது வருஷமாக அந்தத் தெரு அவரை ஃபிளெக்ஸில் இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறது. இன்று முதன்முறையாக அவருக்குக் காலும் இருப்பது தெரிந்தது. வெள்ளைச் செருப்பைச் சாக்கடைக்கு இந்தப் பக்கம் பார்த்து வைத்து, தாளாளர் சிவப்பிரகாசம் நடந்து வந்தார்.

ருக்குமணி அவருடைய கைகளைப் பார்த்தாள். காகிதம் இல்லை. பேனா இல்லை. வெறும் கைகள். அவை ஒன்றாகச் சேர்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தன. முகத்தில் சிரிப்பு.

காகிதத்தோடு வருகிறவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். கும்பிட்டுக்கொண்டு வருகிறவரை என்ன செய்வது? காலையிலிருந்து வராத பயம் இப்போது வந்தது.

"ஒரு நிமிஷம் தனியா பேசணும்மா" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "உனக்கு நல்ல விஷயம்தான்."

ருக்குமணி எழுந்து நின்றாள். இரண்டு பக்கமும் வாசல் வாசலாக நின்ற தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பயத்தை விழுங்கிவிட்டுக் குரலை உயர்த்தினாள்.

"திருடின்னு சொல்றப்ப மைக்குல சொன்னீங்க ஐயா. நல்ல விஷயத்தையும் எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொல்லுங்க."